கூம்பும் இதையும்

கலத்தின் பாயைத் தாங்கும் மரம் யாதென நம் மாணவனை வினவினால் பாய்மரம் என்பான். பிழையன்று. ஆயினும் கழகப் புலவர் அதனைக் கூம்பு என்றனர். பாயை இதை என்றனர். கலஞ் செலுத்துவோனை நீகான் என்றனர். நாமோ மாலுமி என்கின்றோம். அஃது அரபியர் சொல். சுக்கானும் அவர் தந்ததே. கடலாண்ட இனம் கலத்தின் உறுப்புக்கும் கடன்பட்டு நிற்கின்றது!

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்று 30ஆம் பாட்டில், மீப்பாய் களையாமலும் சரக்குக் குறையாமலும் ஆற்றுமுகத்துட் புகும் பெருங்கலத்தைக் காட்டுகின்றார். மீப்பாய் ஒன்று இருந்ததாயின், அதன்கீழும் பாய் இருந்ததன்றோ? சாதவாகனர் காசுகளிலும் இருகூம்புக் கலம் பொறிக்கப்பட்டுளது.

இவை பழங்கதை என்பார்க்கு அண்மைச் சான்றும் உண்டு. தூத்துக்குடித் தோணிகள் பல கூம்புகளுடன் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றன. சாய்ந்த பருமலிற் பாயைக் கட்டி, கூம்பின் தலைவழியே செல்லும் ஆஞ்சான் கயிற்றை இழுப்பர், பருமல் மேலேறும். பாயின் கடைமுனைக் கயிற்றை இறுக்கியும் நெகிழ்த்தும் காற்றைப் பிடிப்பர். எதிர்க்காற்றாயின் நேரே செல்லவொண்ணாது. இடமும் வலமுமாக மாறிமாறி ஏறவேண்டும். எழுதிவைத்துக் கற்ற கலையன்று இது, கையறிவு. ஈழத்து வல்வெட்டித்துறையிற் கட்டிய இருகூம்புக் கலமான அன்னபூரணி, 1938இல் அமெரிக்கத்துக் குளோசுட்டர்த் துறையை அடைந்தது. பெயர் வடமொழி, கட்டிய கையோ தமிழ்க்கை.

குமரிக்கு வருவோம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் செங்கடல் வழிநூல் எழுதிய கிரேக்கன் இம்முனையைப் பெயர் சுட்டிக் குறித்தான். 1741இல் ஒல்லாந்தர் தோற்ற குளச்சற் கரையும் இதுவே. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஐரோப்பியர் கொண்டுசென்று, இரட்டை உடல் கொண்ட படகுக்குச் சூட்டிக்கொண்டனர். நம் நாளிதழ்களோ அதனைக் 'கேட்டமரான்' என்று திருப்பி வாங்குகின்றன! மானமுள்ளோர் நாணவேண்டா?

இன்று குளச்சல், முட்டம், மணக்குடிக் கரைகளில் பொறி பூட்டிய வள்ளங்களே மிகுதி. பொறியைப் பழித்தல் நம் நோக்கமன்று. உயிரைப் பணயம் வைத்துத் துடுப்பு வலித்தவன் பொறியை நாடியது முறையே. ஆயின் பாய் இறங்கியவிடத்துச் சொல்லும் இறங்குகின்றது. பாய்விரித்தோடிய முதியோர் ஆண்டுதோறும் மறைகின்றனர். அவர் வாயிலுள்ள கயிற்றுப் பெயர், முடிச்சுப் பெயர், காற்றுப் பெயர் எந்த அகரமுதலியில் முழுமையாக ஏறியுள்ளன?

நாஞ்சில்நாட்டு அன்பர்கள் மேடையைச் சில மாலைகள் மறந்து கடற்கரைக்குச் செல்க. முதியோரருகே அமர்ந்து, ஒவ்வோர் உறுப்பையும் வரைந்து, அவர் சொன்ன சொல்லைச் சொன்னவாறே எழுதுக. நகரத் தமிழாற் திருத்தற்க. ஊர்ப்பெயரும் நாளும் குறித்து நமக்கு விடுக்க. வருமிதழ்தோறும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.