ஆய்தத்திற்கு விசர்க்கம் என்று பெயரிட்டவர் யார்?

'ஃ' என்ற எழுத்தின் பெயரென்ன? பள்ளிச் சிறுவனைக் கேளுங்கள், ஆய்தம் என்பான். கணினியைக் கேளுங்கள், 'விசர்க்கம்' என்னும்! மெய்யின் புள்ளிக்கு? 'விராமம்'! ஆங்கில 'எல்' மூன்று அடுக்கினால் ழகரமாம். 'என்' மூன்று அடுக்கினால் னகரமாம். உலகத்துக் கணினிகளும் கைப்பேசிகளும் எழுத்தை அடையாளம் காணும் யூனிகோட் பட்டியலில் நம் எழுத்துகள் இந்தப் பெயர்களோடுதான் நிற்கின்றன.

யார் இட்ட பெயர்கள் இவை? தொல்காப்பியரா இட்டார்? 1988இல் இந்திய அரசு வகுத்த 'இஸ்கி' என்னும் குறியீட்டில் தேவநாகரியின் அச்சிலேயே தமிழும் வார்க்கப்பட்டது. யூனிகோட் கூட்டமைப்பு 1991இல் அமெரிக்காவில் தன் முதற்பதிப்பை வெளியிட்டபோது அந்த அச்சையே எடுத்துக்கொண்டது. விளைவு? நம் இலக்கணத்தில் மெய் முதல். அகரம் ஏறினால் உயிர்மெய். அங்கோ உயிர்மெய் முதல்; தலையில் புள்ளி வைத்தால்தான் மெய். 'க' ஓரிடம் கொள்ளும். 'க்' ஈரிடம் கேட்கும். கரும்பலகையில் ஒன்றைக் கற்பித்துக் கணினியில் அதன் தலைகீழைக் காட்டுகிறோம், ஆசிரியராகிய நாம்!

திருத்தலாமே என்பீர்கள். முடியாது, தோழர்களே! ஏறிய எழுத்தை நீக்கோம், இடம் மாற்றோம், வைத்த பெயரையும் மாற்றோம் என்பது அவர்கள் விதி. ஆய்தம் என்ற சொல் பட்டியலின் ஓரத்தில் சிறுகுறிப்பாக நிற்கிறது, அவ்வளவே. விதியை நாம் பழிக்கவில்லை. அஃதில்லையேல் இன்று எழுதிய மடலை நாளை படிக்கவியலாது. ஆனால், மாற்றவொண்ணாத ஒன்றை முடிவு செய்த அன்று அவையில் யார் இருந்தார் என்பதன்றோ கேள்வி?

அந்த அவையில் வாக்கு, ஆண்டுதோறும் பெருந்தொகை கட்டும் உறுப்பினர்க்கே உண்டு. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் முழு வாக்கோடு அமர்ந்திருக்கின்றன. தனியாளும் உறுப்பினராகலாம், வாக்கு மட்டும் கிடையாது! எழுதுவோர் கோடிப்பேர், முடிவுரிமையோ கருவி விற்போர்க்கு. அன்று குலம் கேட்டுக் கதவடைத்தார்கள். இன்று பணப்பையைக் கேட்கிறார்கள்.

எழுத்துக்கு ஓரிடமென்ற கணக்கில் அமைந்த 'டேஸ் 16' குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. அதற்குக் கிடைத்த நிலம் எது? எவரும் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என யூனிகோட் ஒதுக்கிய புறம்போக்கு! அங்கே குடிசை போடலாம், பட்டா கிடைக்காது.

எனினும் கதவு முழுதும் தாழிடப்பட்டதென்றால் அது பொய். எழுத்தொன்றைச் சேர்க்க யாரும் முன்மொழிவு அனுப்பலாம். முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்க் கணக்குக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் பட்டியலேறின. எப்படி? சான்றுகளைத் திரட்டி, முறைப்படி எழுதி அனுப்பியதால். நம் மேடை முழக்கத்தால் அன்று!

மொழிக்குரிய மக்களின் பேராளர்க்குக் கட்டணமின்றி வாக்கு வேண்டும். இதை அரசுகள் கேட்க வேண்டும், நாமும் கேட்போம். அதுவரை? அவர்களுடைய கூட்ட நிரல் மறைபொருளன்று. எவரும் படிக்கும்படி வெளியாகிறது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் அதைப் படிப்போர் எத்தனை பேர்?