வெளிநாட்டுப் படிப்பு, உள்ளூர்த் திமிங்கலம்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று சஹ்யாத்ரி மலையில் முட்டி, புனேக்கு அருகே தளேகாவ் வட்டாரத்தில் மழையாகக் கொட்டுகிறது. மாவள் பகுதியின் நெல் வயல்கள் நிரம்புகின்றன. அதே காற்று தெற்கே இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி ஒரு பெரிய நீரோட்டத்தை ஓட்டிச் செல்கிறது. அங்கே கடலின் ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தேடி இறால் வகைகள் வருகின்றன. இறால்களைத் தேடி உலகின் மிகப் பெரிய மிருகமான நீலத் திமிங்கலம் வருகிறது.

இந்தக் கடைசி விருந்தாளியைப் பற்றிப் பாடப்புத்தகம் சொன்ன கதை வேறு. நீலத் திமிங்கலம் துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில் மாதக்கணக்கில் தின்று கொழுக்கும். பிறகு குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும். வந்த இடத்தில் அநேகமாகப் பட்டினிதான். கொழும்பில் பிறந்து, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்த ஆஷா டி வோஸும் இதைத்தான் படித்திருந்தார். அது முழு உண்மையல்ல என்பதை அவர் தெரிந்துகொண்டது வகுப்பறையில் அல்ல, தன் சொந்த ஊர்க் கடலில். அந்தக் கடலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி உலகத்தைச் சுற்ற வேண்டியிருந்தது.

சிறு வயதில் அவருடைய பெற்றோர் பழைய 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ்களை வாங்கி வருவார்கள். பிறர் படித்துப் போட்ட பிரதிகள். அவற்றைப் புரட்டிய சிறுமி, யாரும் போகாத இடங்களுக்குப் போய் யாரும் பார்க்காததைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். டாக்டர், என்ஜினீயர், வக்கீல் என்று மூன்று பாதைகளில் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய சமூகத்தில் இது விசித்திரமான ஆசை. சுற்றிலும் கடல் உள்ள தீவு. ஆனாலும் கடல் என்றால் மீனவர் சமாச்சாரம் என்றுதான் நகரத்து மக்கள் நினைத்தார்கள். (சென்னையிலும் தூத்துக்குடியிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை.)

பட்டம் வாங்கியதும் வேலை தேடி வரிசையில் நிற்கவில்லை. உருளைக்கிழங்கு வயலில் கூலி வேலை செய்து பணம் சேர்த்தார். நியூசிலாந்துக்குப் போய்க் கூடாரத்தில் தங்கி, இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்களில் உதவியாளராக இருந்தார். அப்போதுதான் 'ஒடிசி' என்ற ஆய்வுக் கப்பல் இலங்கைப் பக்கம் வரப்போகிறது என்று காதில் விழுந்தது. கூனல் முதுகுத் திமிங்கலங்கள் பாடுகின்றன என்று உலகத்துக்குச் சொன்ன அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பெய்னின் நிறுவனம் அனுப்பிய பாய்மரக் கப்பல் அது. 2000 முதல் 2005 வரை உலகக் கடல்களைச் சுற்றி, எண்ணெய்த் திமிங்கலங்களின் தோல் மாதிரிகளைச் சேகரித்து, கடலில் எவ்வளவு விஷம் கலந்திருக்கிறது என்று கணக்கெடுப்பது அதன் வேலை.

ஆஷா எழுதினார். பதில் இல்லை. மறுநாளும் எழுதினார். இப்படி மூன்று மாதம் விடாமல் எழுதிய பிறகு, தொந்தரவு தாங்காமலோ ஆர்வத்தை மெச்சியோ, ஏறிக்கொள்ள அனுமதித்தார்கள். மாலத்தீவில் ஏறி, கப்பல் தட்டில் எடுபிடி வேலை பார்த்தபடியே இலங்கைக் கடலுக்குள் நுழைந்தார். சொந்த நாட்டின் கடலை ஆராய வந்த அந்நியக் கப்பலில் ஒரு இடத்துக்காக அந்நாட்டுப் பெண் மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அவர் உரக்கப் பேசிய விஷயத்தின் வேர் இங்கே இருக்கிறது.

2003ல் அந்தப் பயணத்தின்போது, தென்கரைக்கு அப்பால் ஆறு நீலத் திமிங்கலங்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தன. அவற்றைவிட ஆஷாவின் கவனத்தை இழுத்தது தண்ணீரில் மிதந்த செக்கச்சிவந்த ஒரு படலம். திமிங்கலத்தின் சாணம்! வெளியே வருகிறது என்றால் உள்ளே போயிருக்க வேண்டும். பட்டினி கிடப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் இவை சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. பூமத்திய ரேகையிலிருந்து ஏழு டிகிரி தூரத்திலும் இல்லாத வெதுவெதுப்பான கடலில்!

வடக்கு இந்தியப் பெருங்கடலின் இந்தத் திமிங்கலங்களுக்கு 'மரபு மீறிய திமிங்கலங்கள்' என்று அவர் பெயர் வைத்தார். உறவினரைவிட உருவத்தில் சற்றுக் குட்டையானவை. குட்டை என்றாலும் 20 மீட்டருக்குக் குறையாதவை உண்டு. துருவம் பக்கம் போகாமல் வெப்பக் கடலிலேயே தின்று, குட்டி போட்டு, வளர்த்துக் காலம் தள்ளுபவை.

இதற்கு முன் இவற்றை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது தவறு. 1982க்கும் 1984க்கும் இடையே 'டூலிப்' என்ற சிறு கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் திருகோணமலைக்கு வெளியே திமிங்கலங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். 1979ல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் தொடர்ச்சி அது. பிறகு வந்த உள்நாட்டுப் போர் அந்தக் கடலை மூடிவிட்டது. இன்னும் முன்னால், 1960களில், சோவியத் கப்பல்கள் அரபிக்கடலிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைத் திருட்டுத்தனமாகக் கொன்றன. வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர்களுக்கு அவை என்ன தின்றன என்று தெரிந்துதான் இருந்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகே அந்தக் கணக்குப் புத்தகங்கள் வெளியே வந்தன. தெரிந்தவர்கள் மறைத்தார்கள், தேடியவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு ஜீவராசியைப் பற்றிய அறிவு இப்படியும் முப்பது ஆண்டுகள் தாமதமாகும்.

ஆஷா ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலை முடித்தார். இலங்கையில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு முனைவர் பட்டத்துக்கு பெர்த் நகரில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடல்வாழ் பாலூட்டிகள் பற்றிய ஆராய்ச்சியில் முனைவரான முதல் இலங்கையர் இவரே. அங்கே அவருக்கு வாய்த்தவர் சரித பட்டியாரச்சி. இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் கடலியல் பேராசிரியர். திமிங்கலம் ஏன் அங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு உயிரியல் மட்டும் பதில் சொல்லாது, நீரோட்டத்தையும் கேட்க வேண்டும் என்பதால் இந்தக் கூட்டு நல்ல பலன் தந்தது.

2014ல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்வது சுவையானது. தீவின் கிழக்குக் கரையோரமாகவும் மேற்குக் கரையோரமாகவும் தெற்கே ஓடிவரும் இரண்டு நீரோட்டங்கள் தென்முனையில் சந்திக்கின்றன. சந்தித்ததும் இரண்டும் சேர்ந்து கரையை விட்டு வெளியே திரும்புகின்றன. அப்படி விலகும் நீரின் இடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலே ஏறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரை ஓட்டத்தின் கை ஓங்கும். ஊற்றின் மையம் கிழக்கே தள்ளப்படும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். ஆக, இரண்டு பருவத்திலும் பந்தி உண்டு, இலை போடும் இடம்தான் மாறுகிறது. இதைப் பார்த்தால் திமிங்கலம் ஊரை விட்டுப் போகாததில் ஆச்சரியமில்லை.

பந்தியில் என்ன பரிமாறப்படுகிறது? இதற்கும் சாணமே சாட்சி. வலையில் அள்ளி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018ல் வெளிவந்தது. மற்ற கடல்களில் நீலத் திமிங்கலம் பெரும்பாலும் கிரில் என்னும் உயிரினத்தைத் தின்கிறது. இலங்கைக் கடலில் அகப்பட்டது செர்ஜெஸ்டிட் என்ற சிற்றிறால் குடும்பம். நம் சந்தைகளில் சென்னாகூனி என்று படியில் அளந்து விற்கிறார்களே, அதன் பங்காளி. கருவாட்டுக் கூடையில் கிடக்கும் பொடிசின் உறவைத் தின்றுதான் அந்த மலை வளர்கிறது.

இவ்வளவு படித்த பிறகு அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்திலும் ஆய்வு செய்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து 2017ல் 'ஓஷன்ஸ்வெல்' என்ற கடல் ஆராய்ச்சி, கல்வி அமைப்பைத் தொடங்கினார். உள்ளூர் இளைஞர்களைக் கடல் விஞ்ஞானிகளாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. காரணத்தையும் அவர் ஒளிக்கவில்லை. வளர்ந்த நாட்டு விஞ்ஞானிகள் பாராசூட்டில் குதிப்பதுபோல் வந்து இறங்குகிறார்கள், மாதிரிகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள், கட்டுரை வெளியிடுகிறார்கள், அந்த ஊரில் ஒருவரைக்கூடப் பயிற்றுவிப்பதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. உலகக் கடற்கரையில் எழுபது சதவீதம் வளரும் நாடுகளில் இருக்கிறது. கடலைக் காக்கும் மாநாடுகளில் அந்த நாட்டவர் எத்தனை பேர் என்று அவர் கேட்கிறார்.

கோபத்தில் சொன்ன மிகை என்று இதைத் தள்ள முடியாது. பவளப்பாறை ஆராய்ச்சிகளைப் பற்றி 2021ல் வெளியான ஒரு ஆய்வு, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் களப்பணி நடத்தி எழுதப்பட்ட கட்டுரைகளில் சுமார் 40 சதவீதத்தில் அந்நாட்டு விஞ்ஞானி ஒருவர் பெயர்கூட இல்லை என்று கண்டது. ஆஸ்திரேலியாவில் நடந்த களப்பணியில் இந்த விகிதம் பாதிக்கும் குறைவு.

இந்தியாவில் இதே பிரச்னையை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சமாளித்தார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கோட்டயத்தில் பிறந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த என்.கே. பணிக்கர் 1938ல் இங்கிலாந்து போனார். பிளிமத் கடலாய்வுக் கூடத்தில், உப்புநீரிலும் உவர்நீரிலும் இறால்கள் உடம்பின் உப்பை எப்படிச் சமன் செய்கின்றன என்று ஆராய்ந்தார். உலகப் போர் நடுவே திரும்பி வந்தவர், பிறகு மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். 1960களின் முதல் பாதியில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தியபோது இந்தியத் தரப்பின் தலைவர் அவரே.

அந்த ஆய்வில் ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் ஒரே அளவான வலையை வீச வேண்டும், அகப்படும் மிதவை உயிர்களின் மாதிரிகள் கொச்சிக்கு வர வேண்டும். அங்கே யுனெஸ்கோ உதவியுடன் அமைந்த இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்தில் இந்திய இளைஞர்கள் அவற்றைப் பிரித்து, வகைப்படுத்தினார்கள். பிரித்த பிறகே உலக நிபுணர்களுக்குப் போயின. 1966 ஜனவரி 1ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் உருவானபோது பணிக்கர் அதன் முதல் இயக்குநர். கொச்சி மையம் அந்த நிறுவனத்தின் கிளையாயிற்று. மாதிரி நம் கையில் இருந்தால் அறிவும் கொஞ்சம் நம் கையில் தங்கும் என்ற கணக்கு.

ஆஷாவின் கையில் அப்படி ஒரு சந்தர்ப்பம் 2021 மே மாதம் விழுந்தது. கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிந்தது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. கோவிட் காலம், வெளிநாட்டிலிருந்து யாரும் பறந்து வர முடியாது. ஆஷாவே கரையில் மாதிரிகளைச் சேகரித்தார். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் பரிசோதித்தார்கள். வெள்ளை மணிகளுடன் எரிந்து கருகிய துண்டுகளும் ஏராளமாகக் கலந்திருப்பதும், கருகியவை வேதியியல் ரீதியில் அதிகச் சிக்கலானவை என்பதும் தெரிந்தன. கட்டுரையின் முதல் பெயர் ஆஷா டி வோஸ்.

திமிங்கலத்தின் பிரச்னை மட்டும் இன்னும் சிக்கலாகவே இருந்தது. ஆழநீர் மேலே வரும் அதே தென்முனைக்கு அருகில்தான் சூயஸுக்கும் மலாக்காவுக்கும் இடையே ஓடும் ராட்சதக் கப்பல்களின் பாதை. 2012ல் கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒரு கன்டெய்னர் கப்பல் நுழைந்தபோது அதன் முன்பகுதியில் ஒரு நீலத் திமிங்கலத்தின் உடல் மடங்கித் தொங்கியது. மோதியதே மாலுமிகளுக்குத் தெரியாமல் போவது இந்த வகை விபத்துகளில் சகஜம். கரையில் ஒதுங்காமல் கடலடியில் போனவை எத்தனை என்பதற்குக் கணக்கும் கிடையாது. போர் 2009ல் முடிந்த பிறகு மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கலம் பார்க்கப் புறப்படும் படகுகளும் பெருகின. இந்தப் பக்கம் படகு, அந்தப் பக்கம் கப்பல்.

பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என்று இலங்கை ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று கணக்கிட்டிருந்தது. அரசாங்கம் யோசித்தது. துறைமுக வருமானம் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. 2022ன் நடுவில் எம்.எஸ்.சி. என்ற உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் நிறுவனம், யாரும் சட்டம் போடாமலேயே, தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. கரையோரம் சுற்றிவரும் அதன் சிறு கப்பல்கள் திமிங்கலப் பகுதியில் 10 நாட் வேகத்துக்குக் கீழே போக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கப்பலுக்குக் கூடுதல் தூரம் சில மைல்கள்தான்.