பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்...



போன காலாண்டு லீவில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் என் கருத்தைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

என் பெரிய மாமா 1980-களில் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். கோவில் கொடை, கல்யாண வீடு, குலசேகரன்பட்டினம் தசரா என்று ஊர் ஊராகப் போனவர். அப்புறம் குழு கலைந்தது, மாமா கடை வைத்தார், கிட்டார் ஆச்சி வீட்டுப் பரணுக்குப் போனது. லீவில் அதை நான் இறக்கினேன். வெள்ளைப் பெயிண்ட் மோர்க்குழம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. வலது முழங்கை படுகிற ஓரத்தில் பெயிண்டே இல்லை, மரம் தெரிந்தது. முதுகுப்பக்கம் முழுக்க ஒரே கீறல். சத்தமும் வரவில்லை.

எனக்கு ஒரே ஆசை. பளபளவென்று சிவப்பு அடித்து மாமாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்க வேண்டும்! யாரையும் கேட்கவில்லை. 120-ஆம் நம்பர் உப்புத்தாள் வாங்கி முதுகுப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் பாதி முடிந்தது. அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை.

"பின்னால இருந்த பெல்ட்டு தடம் எங்கடே?" என்றார். "அது விடிய விடிய நின்னு வாசிச்சதுல விழுந்த தடம்."

நான் அசிங்கம் என்று நினைத்துத் தேய்த்த கீறல் எல்லாம் அவருடைய பெல்ட் பக்கிள் பட்டு வந்தது. பத்து வருஷக் கச்சேரி அதில் இருந்தது. நான் ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இதைப்பற்றிப் படித்தேன். அயர்லாந்தில் ரோரி கேலகர் என்று ஒரு கிட்டார் கலைஞர் இருந்தார். 1963-ல், 15 வயதில், கார்க் நகரத்துக் கடையில் 1961-ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். விலை சுமார் 100 பவுண்டு, அதுவும் கடனுக்கு. 1995-ல் இறக்கும் வரை அதையே வாசித்தார். வியர்வையிலும் உராய்விலும் அதன் பெயிண்ட் பெரும்பாலும் உதிர்ந்து வெறும் மரமாகிவிட்டது. அவர் திரும்பப் பெயிண்ட் அடிக்கவே இல்லை! ஆனால் தேய்ந்த ஃபிரெட்டுகளை (விரல் வைக்கும் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டைகள்) பலமுறை மாற்றினார். பாகங்கள் கெட்டபோது பழுது பார்த்தார். 2024 அக்டோபரில் அந்தக் கிட்டார் லண்டனில் ஏலம் போனது. கமிஷனோடு சேர்த்து 8 லட்சத்து 89 ஆயிரம் பவுண்டுக்கு மேல்! அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காக வாங்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஃபெண்டர் கம்பெனி 1995 முதல் புத்தம்புதுக் கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்து, கீறி, பழசு மாதிரி ஆக்கி 'ரெலிக்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. அவர்கள் காசு வாங்கிக்கொண்டு போடுகிற தடத்தைத்தான் நான் காசு செலவழித்து அழித்தேன்.

பெயிண்ட் போனால் சத்தம் கெட்டுவிடாதா என்று என் நண்பன் கேட்டான். கெடாது. எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் பிறப்பது பிக்கப்பில். காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இதுதான்! 1950-களில் அமெரிக்கக் கிட்டார்களுக்கு அடித்தது காருக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். அது மெல்லிசான பூச்சு. நாளாக நாளாக மஞ்சளாகும், வெடிக்கும், கை பட்ட இடத்தில் தேயும். அது பழுது இல்லை, வயது.

எனவே என் கருத்து இதுதான்: வாசிக்க விடாமல் தடுப்பதைச் சரி செய்யுங்கள், வாசித்ததால் வந்ததைத் தொடாதீர்கள்.

மாமாவும் நானும் பிறகு அப்படித்தான் செய்தோம். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தோம். ஈரத்தை நன்றாகப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்தோம் (அழுக்கு வேறு, தடம் வேறு!). ஜாக்கில் ஒரு ஒயர் விட்டிருந்தது. ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சி ஈயம் வைத்துக் கொடுத்தார். கரகரத்த வால்யூம் திருகில் கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் சரியானது. ஃபிரெட்டில் இருந்த துருவை எடுக்கும்போது பிக்கப்பை டேப் ஒட்டி மூடினோம், இல்லாவிட்டால் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பழைய ஸ்குரூவைக்கூட ஒரு கவரில் போட்டு வைத்தோம். புதுக் கம்பி மாட்டினோம். சத்தம் வந்துவிட்டது!

"அப்படியானால் பெயிண்டே அடிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அடிக்கலாம். யாரோ ஏற்கெனவே கதவுக்கு அடிக்கிற எனாமலைப் பூசிக் கெடுத்திருந்தால் அடிக்கலாம். மரம் ஈரம் குடித்துப் பிளக்க ஆரம்பித்தால் காப்பாற்ற அடிக்கத்தான் வேண்டும். நானே காசு போட்டு வாங்கிய புதுக் கிட்டாருக்கு என்ன கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்வேன், அது என் இஷ்டம். ஆனால் ஒரு விஷயம். கெட்ட ஒயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தேய்த்த பெயிண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. திரும்பச் சரி செய்ய முடியாத வேலையைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். நான் அதை முதலில் செய்தேன்.

நான் தேய்த்த இடத்தை மூடப் பெயிண்ட் அடிக்கட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "வேண்டாம், கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வாசிக்கிறார். முழங்கை அந்தத் தேய்ந்த ஓரத்தில் சரியாகப் போய் உட்காருகிறது. பார்க்கும்போதெல்லாம் நல்லவேளை முன்பக்கத்தை விட்டோமே என்று தோன்றும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தாத்தாவின் ஆர்மோனியமோ, ஆச்சியின் தையல் மெஷினோ, பழைய ரேடியோவோ இருக்கலாம். ரிப்பேர் பண்ணுங்கள், ஓட வையுங்கள். ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் அந்தப் பொருளை வைத்திருந்தவரிடம் போய், "இது எப்படி வந்த கீறல்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்