விற்பவரும் நம்மைக் கேட்கட்டும்

கோடை விடுமுறை தொடங்கினால் நம் தபால் பையில் ஒரு வகைக் கடிதம் கூடிவிடும். "பையன் ஆமை வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், வாங்கித் தரலாமா?" "மகள் பால் பைத்தான் வளர்க்கணும் என்கிறாள், அது கடிக்காதாமே, உண்மையா?" முன்பு இதே கேள்விகள் கிளிக்கும் முயலுக்கும் வரும். இப்போது பிள்ளைகள் செல்போனில் இக்வானாவைப் பார்த்து வளர்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லி இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. பல்லி விழுந்த பலன் பார்க்கும் வீட்டில் ஒரு குழந்தை பல்லியின் கண்ணை உற்றுப் பார்த்து ரசிக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேச்சுக்கே இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை, உடும்பு, பச்சோந்தி, மண்ணுளிப் பாம்பு ஆகியவை நம் மண்ணின் உயிர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை விற்பதும் குற்றம், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். எனவே இவற்றை விற்பவர்களில் நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. நட்சத்திர ஆமை இப்போது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள்! இன்றைக்கு அந்த ஆமைக்குப் பின்னாலேயே வனத்துறை வரும் என்பதால் பழமொழி வேறு வழியில் பலித்துவிடுகிறது.

இனி வெளிநாட்டு உயிர்கள். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் பாம்பு. பச்சை இக்வானா மத்திய, தென் அமெரிக்காவின் பல்லி. இரண்டும் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. 2022-இல் நம் சட்டத்தைத் திருத்தியபோது இத்தகைய உயிரினங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2024-இல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆக, "பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

அந்தப் பேப்பர் இல்லாத பாம்பு எப்படி வந்திருக்கும்? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பயணியிடம் 47 மலைப்பாம்புகள். டப்பாவில் அடைத்து, தண்ணீர் இல்லாமல், துணிமணிகளுக்கு நடுவே பயணம். பிடிபட்டவை மட்டுமே செய்தியாகின்றன. பிடிபடாதவை எங்கோ ஒரு கடையின் கண்ணாடித் தொட்டிக்குப் போய்ச் சேருகின்றன.

நல்ல விற்பனையாளரை எப்படி அடையாளம் காண்பது? என் கணக்கில் முதல் அடையாளம், அவர் நம்மை விசாரிப்பார். பெண் கொடுக்கிற வீட்டார் மாதிரி துருவித் துருவிக் கேட்பார். எனக்குத் தெரிந்த விற்பனையாளர் ஒருவரின் வீட்டில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: முட்டை பொரித்த தேதி, போன வார எடை, கடைசியாகச் சாப்பிட்ட நாள், தோலுரித்த நாள். வாங்க வந்த இளைஞரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "உறைய வைத்த எலியை ஃப்ரிட்ஜில் வைக்க வீட்டில் சம்மதிப்பார்களா?" அந்தத் தம்பி சுத்த சைவக் குடும்பம். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எலியா என்று அம்மா கேட்கப்போவதை அப்போதுதான் யோசித்தார் போலிருக்கிறது. பாம்பு வாங்காமல் திரும்பினார். விற்பவருக்கு அன்று வியாபாரம் போனது. அதில் அவருக்கு வருத்தமே இல்லை.

நாமும் கேட்க வேண்டியவை உண்டு. இங்கேயே பிறந்ததா, காட்டில் பிடித்ததா? தாய் தந்தையைக் காட்ட முடியுமா? என் கண் முன்னால் இரை எடுக்குமா? பிறகு கண்ணால் பாருங்கள். கண் உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். மூக்கு நுனி தேய்ந்து புண்ணாகியிருந்தால் தப்பிக்கப் பார்த்து முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரமாக்கிப் பாம்பின் உடலை மெல்லத் துடைத்துப் பாருங்கள்; மிளகுத்தூள் சிதறியது போல் கறுப்புப் புள்ளிகள் ஒட்டினால் அவை உண்ணிப் பூச்சிகள். பகலில் உலாவும் பல்லிக்கும் ஆமைக்கும் புற ஊதா விளக்கு வேண்டும் என்று சொல்லாமலே ஒருவர் விற்கிறார் என்றால், எலும்பு வளைந்து சாகப்போகிற உயிரைத்தான் அவர் விற்கிறார்.

கடைசியாக, சிவப்புக் காது ஆமை. வண்ண மீன் கடையில் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப் பசேலென்று நீந்துமே, அதுதான். "இது இவ்வளவுதான் சார் வளரும்" என்பது அதை விற்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் பொய். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை ஓரடி நீளம் வரை வளரும். முப்பது வருஷம்கூட இருக்கும். 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு கொண்ட ஆமைக் குஞ்சுகளைச் செல்லப் பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975-இலேயே தடை செய்துவிட்டது. வாயில் வைத்து விளையாடிய குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்று வந்ததுதான் காரணம். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது நம் வீட்டிலும் கட்டாயம்.

ஏற்கெனவே வாங்கி, அது வளர்ந்து, தொட்டி போதாமல் திண்டாடுகிறவர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள். கோயில் குளத்தில் விடுவது புண்ணியம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெயில் காயும் கல்லையும் இரையையும் நம் ஊர் ஆமைகளிடமிருந்து அது பறித்துக்கொள்ளும். பெரிய தொட்டி கட்டுங்கள். முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படையுங்கள், அல்லது வனத்துறையிடம் வழி கேளுங்கள்.

ஊர்வன வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் அடுத்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். கேள்வியோடு விலங்கின் எடை, தொட்டியின் நீள அகலம், என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் போட்டோவை வைத்துத் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்