‘வயசாயிடுச்சு, அதான்’

பதினான்கு வயதுப் பூனை இரண்டு வேளையாகத் தட்டைத் தொடவில்லை என்றால் வீட்டில் வரும் முதல் தீர்ப்பு, “வயசாயிடுச்சு, அதான்.” இந்தத் தீர்ப்பின் மேல் எனக்குக் கோபம் உண்டு. கிழப்பூனை மெலிகிறது என்றால் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை, ஈறு என்று பெரும்பாலும் ஏதோ ஒரு கோளாறு இருக்கும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு மாத்திரையே இருக்கிறது. பூனை முனகாது. வலியை விழுங்கிக்கொண்டு கட்டிலடியில் போய்ப் படுத்துவிடும். கவனிக்க வேண்டியது நாம்தான்: தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதா, தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறதா, நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சடை பிடிக்கிறதா, ஜன்னல் திண்டுக்குத் தாவத் தயங்குகிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மறுநாளே. பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும்; குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஆண் பூனை மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வராவிட்டாலோ, பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டாலோ ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது. ‘காலையில் போய்க்கொள்ளலாம், அதுவரை இது’ என்று பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். டாக்டரிடம் தூக்கிப்போகும் கூடையைக் கண்டாலே ஓடி ஒளிகிறதே என்பீர்கள், உண்மைதான். இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் சோதித்து, எடையும் பார்த்துவிடுங்கள்.