எத்தனை மில்லி? யாரைக் கேட்பாள் தாய்?

நள்ளிரவு. மேட்டுப்பாளையம் சாலையில் லாரிகளின் இரைச்சல்கூட அடங்கிவிட்டது. துடியலூரில் ஒரு சந்து வீட்டிலே மட்டும் விளக்கு எரிகிறது. கணவன் மில்லிலே இரவு ஷிப்ட். மடியிலே குழந்தை, உடம்பெல்லாம் அனல். கையிலே மருந்துப் புட்டி. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் தாய்.

"ஏனுங்க்கா, இதுல எத்தனை ஊத்தறதுங்க?"

"காய்ச்சல் கொதிக்குதே! ரெண்டு கரண்டியா ஊத்து கண்ணு!"

அன்போடு வந்த விடைதான். அளவோடு வந்ததா?

புட்டியில் இருப்பது பாரசிட்டமால். பெயரை அறியாதார் இல்லை. அளவை அறிந்தார் எத்தனை பேர்? கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது மருத்துவர் கணக்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150. ஆனால் அதே பெயர் தாங்கிய ஒரு புட்டியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100! சொட்டு மருந்தை சிரப் என்றெண்ணி 5 மில்லி ஊற்றினால் 500 ஆகிறது. வேளைக்கு வேளை இப்படி ஊற்றினால், காய்ச்சலை விரட்ட வந்த மருந்தே கல்லீரலைக் கெடுத்துவிடும்.

"படிக்காதவள் செய்த பிழை" என்பர் சிலர். பழியைத் தாயின் தலையில் கட்டுவது எளிது! புட்டியில் இருப்பதோ ஆங்கிலம். அதுவும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. சோப்பு விற்கத் தமிழ் வேண்டும். சேமியா விற்கத் தமிழ் வேண்டும். பிள்ளையின் உயிர் காக்கும் மருந்துக்கு மட்டும் தமிழ் வேண்டாமோ?

தாய் சரியாகவே அளந்து ஊற்றினாலும் கொன்ற மருந்து உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில், சிறுநீரகம் செயலிழந்து இருபது பிஞ்சுகளுக்கு மேல் மடிந்தன. அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு! எல்லையோ 0.1. தடை வந்தது, கைது வந்தது, உரிமம் பறிபோயிற்று. போன பிள்ளைகள் வரவில்லை. நம் மண்ணில் செய்தது என்று சொல்ல நாக்கூசுகிறது. கூசினாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த மருந்தில் இருந்த கூட்டுக் கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது, அதை லேபிளிலேயே அச்சிடுக என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்திருந்தது. எச்சரிக்கை கோப்பிலே இருந்தது. தாயின் காதிலே விழுந்ததா?

நஞ்சைக் கண்டுபிடிப்பது தாயின் வேலை அல்ல. அது ஆள்வோர் கடமை, ஆலையின் கடமை. அளவைத் தாய்க்குப் புரியச் சொல்வதும் அவர்கள் கடமையே.

வழி இல்லாமலா? அங்கன்வாடியிலே குழந்தையை எடை போடுகிறார்கள். எடை அங்கே ஏட்டிலே கிடக்கிறது. புட்டி இங்கே வீட்டிலே கிடக்கிறது. இரண்டையும் இணைக்க ஆள் இல்லை! 'இந்த எடைக்கு, இந்த மருந்து, இத்தனை மில்லி' என்று மருத்துவர் சொல்ல, அட்டையிலே தமிழில் எழுதித் தரட்டும். புட்டியிலும் தமிழ் ஏறட்டும். மருந்துக் கடைக்காரர் அளவுக் குப்பியைக் கையிலே கொடுத்துக் கோட்டைக் காட்டட்டும்.

பள்ளிக்கும் இதே நெறி வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையின் கையிலே சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வை. வாயிலே எதையும் திணிக்காதே. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழை. மருத்துவர் எழுதித் தந்த மூக்குத் தெளிப்பு மருந்து இருந்தால், பிள்ளையின் பெயரும் அளவும் எழுதி, பயிற்சி பெற்ற ஆசிரியர் வசம் இருக்கட்டும்.

அதுவரை, துடியலூர்த் தாய்மாருக்கு ஒரு சொல். சமையல் கரண்டி வேண்டாம்; வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. புட்டியோடு வந்த குப்பியால் அளந்திடுக. இரு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம் விடுக. நாளொன்றுக்கு நான்கு வேளையைத் தாண்டாதீர். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சலா? புட்டியைத் தேடாதீர், மருத்துவமனைக்கு ஓடுக!

இன்றிரவும் ஏதோ ஒரு வீட்டில் விளக்கு எரியும். "எத்தனை ஊத்தறது?" என்று ஒரு தாய் கேட்பாள். அவளுக்கு விடை சொல்ல வேண்டியது அடுத்த வீட்டு அக்கா அல்ல, அந்தப் புட்டி. அதுவும், அவளுக்குத் தெரிந்த தமிழில்!