கத்தும் பொம்மையும் கடிக்கும் நாயும்

எங்கள் வீட்டில் பைரவன் என்று ஒரு நாய் இருக்கிறது. இராஜபாளையம் ஜாதி என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் கொடுத்தார். பாதி இராஜபாளையம் என்பதில் சந்தேகமில்லை. மீதிப் பாதியைப் பற்களைக் கொண்டு ஊகிப்பதானால் முதலை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு நாற்காலிக் கால், ஒரு குடைக் கைப்பிடி, நடப்பு வருஷத்துப் பஞ்சாங்கம் ஆகியவற்றை அது தீர்த்துக் கட்டிவிட்டது.

"செருப்பைக் கடித்தால் அதட்டுகிறீர்களே, கடிப்பதற்கு வேறு எதைக் கொடுத்தீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகவே கடைத்தெருவுக்குப் போய் ரப்பர் வாத்து ஒன்றை வாங்கி வந்தேன். வயிற்றை அமுக்கினால் 'கீச்' என்று கத்தும். பைரவனுக்கு உண்டான ஆனந்தத்தை வர்ணிக்க முடியாது. சின்னஞ்சிறு பிராணி ஒன்று பிடிபட்டுக் கத்துவது போன்ற அந்த ஒலிதான் நாய்களின் வேட்டைப் புத்தியைத் தூண்டுகிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் கருதுகிறார்கள். ஐந்தாவது நிமிஷம் வாத்து தலையை இழந்தது. பத்தாவது நிமிஷம் சத்தம் நின்றது. "அப்பாடா!" என்று நான் பத்திரிகையை விரித்தேன். என் மகன் மட்டும் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ளே இருந்த ஊதியைக் காணோமே!" என்றான்.

அன்றிரவு மிருக வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் ஊசி போட்டு வாந்தி எடுக்கச் செய்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான பிளாஸ்டிக் ஊதி வெளியே வந்து விழுந்தது. "உடனே கொண்டு வந்தீர்கள், பிழைத்தது. குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தால் வயிற்றைக் கீறித்தான் எடுத்திருக்க வேண்டும்" என்றார். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் நாய்க்கே விஷமாகிவிடும் என்றும் எச்சரித்தார்.

திரும்பி வரும்போது மகன் ஒரு கேள்வி கேட்டான். "ரப்பர் நம் ஜில்லாவிலேதானே விளைகிறது? கடித்தாலும் கிழியாத ரப்பரே கிடையாதா, அப்பா?"

அந்தக் கேள்விதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கீரிப்பாறைக்கு இழுத்துச் சென்றது. நாகர்கோவிலிலிருந்து வடக்கே பூதப்பாண்டியையும் தடிக்காரன்கோணத்தையும் தாண்டினால் மலையடிவாரம். அங்கே இருப்பவை அரசு ரப்பர்த் தோட்டங்கள். 1984-ஆம் வருஷம் அமைக்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் பெயர் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். 1964-ஆம் வருஷத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல இந்தத் தோட்டங்களில்தான் வேலைக்கு அமர்ந்தன. மரமும் அவர்களைப் போலவே கடல் கடந்து வந்ததுதான். 1876-ஆம் வருஷம் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேஸிலிலிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கு வந்தன.

பால் வெட்டும் வேலை வெயில் ஏறுமுன் நடக்க வேண்டியது. இளங்குளிரில்தான் பால் தாராளமாக ஓடும். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல். அதன் கீழே ஒரு சிரட்டை. சொட்டுச் சொட்டாக வெண்மையான பால். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் வராது. அந்தக் கைப் பழக்கத்தை வாழ்நாளெல்லாம் பழகிய மூதாட்டி ஒருவரிடம் எங்கள் வாத்தின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பாலாய் இருக்கையில் அதுக்கு ஒரு குணம், ஷீட்டாய் ஆனபிறகு வேறே குணம், ஐயா. எதிலே செய்தது என்று பார்த்து வாங்கினீர்களா?" என்றார்.

விஷயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, யந்திரத்தில் சுழற்றி, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். பலூனும் கையுறையும் ஆவது இதுதான். கத்துகிற மெல்லிய பொம்மைகளில் ஒரு வகையையும் இந்தப் பாலை அச்சில் வார்த்தே செய்கிறார்கள். இன்னொரு வழி, பாலில் அமிலம் விட்டு உறையச் செய்து, தகடாக உருட்டி, புகையில் உலர்த்துவது. அந்த ஷீட்டோடு கந்தகம் முதலியவற்றைப் பிசைந்து சூடான அச்சில் அழுத்தினால் தடித்த கெட்டி ரப்பர் கிடைக்கும். கந்தகமும் சூடும் சேர்ந்து ரப்பரை உறுதியாக்கும் இரகசியத்தை 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாய் மெல்ல முடியாத ரப்பரைச் செய்வதற்கு முன்னால் யந்திரம் அதை நன்றாக மென்றாக வேண்டும்! 1820-இல் லண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் ரப்பர்த் துணுக்குகளைக் கிழிப்பதற்காகப் பல் வைத்த உருளை ஒன்றைச் செய்தார். துணுக்குகள் கிழிவதற்குப் பதில் ஒரே உருண்டையாகத் திரண்டன. தொழில் இரகசியம் வெளியே போகாதிருக்க அந்த யந்திரத்திற்கு அவர் 'ஊறுகாய்' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தாராம்.

நிற்க. கத்துவதும் உழைப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்பதை நான் கீரிப்பாறையில்தான் உணர்ந்தேன். கத்த வேண்டுமானால் பொம்மை உள்ளே கூடாக இருக்க வேண்டும். அமுக்கினால் அமுங்கும்படி சுவர் மெலிந்திருக்க வேண்டும். காற்றுப் போக ஊதி இருக்க வேண்டும். உழைக்க வேண்டுமானால் சுவர் தடித்திருக்க வேண்டும். இரண்டு குணமும் பூரணமாக அமைந்த பொம்மையை யார் விற்றாலும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஜோ மார்க்காம் என்பவருடைய நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழைய வோக்ஸ்வாகன் வண்டி ஒன்றைப் பழுது பார்க்கையில் கழற்றிப் போட்ட ரப்பர்ப் பாகத்தை அது விடாமல் கடிப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 1976-இல் அவர் தொடங்கிய 'காங்' பொம்மை. அந்தக் கெட்டி ரப்பர் பொம்மை கத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது பொம்மை இரண்டு. ஒன்று, தடித்த சுவருள்ள கத்தும் பந்து. அது மாலையில் கால் மணி நேரம், நாங்கள் கூட இருந்து விளையாடுவதற்கு. பிறகு அது அலமாரிக்குப் போய்விடும். மற்றொன்று, கத்தாத கெட்டி ரப்பர். பைரவன் தனியாக இருக்கும்போது அதன் குழிவில் தயிர்சாதத்தை அடைத்துக் கொடுக்கிறோம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு ஆகாதவை. நாய் கடிப்பது பெரும்பாலும் துஷ்டத்தனத்தால் அல்ல. குட்டியானால் பல் முளைக்கும் நமைச்சல். வளர்ந்ததானால் பொழுது போகாத வேதனை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். சிறிதும் பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும். நாயின் வாய்க்குள் முழுவதும் நுழையாத அளவாக இருக்கட்டும். ஊதியை வெளியிலிருந்து செருகியிருந்தால் விரலால் நெம்பிப் பாருங்கள். உங்களுக்கு அசைந்து கொடுப்பது நாய்க்கு நிச்சயம் கழன்று கொடுக்கும். உட்கூடான பொம்மைக்கு ஒரே துவாரம் போதாது. காற்றை உறிஞ்சி நாக்கைக் கவ்விக்கொள்ளும். இரண்டு துவாரம் வேண்டும். வெயிலும் எண்ணெயும் இயற்கை ரப்பருக்கு எமன். சோப்பு நீரில் கழுவி நிழலில் வையுங்கள். ஓரம் கிழிந்த அன்றே தூக்கி எறியுங்கள். கத்தும் பொம்மை சட்டென்று மௌனமானால் முதலில் ஊதி எங்கே என்று தேடுங்கள். என்னைப் போல் பத்திரிகையை விரிக்காதீர்கள். நாய் சோறு தின்னாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

கீரிப்பாறையிலிருந்து கிளம்பும்போது அந்த மூதாட்டி, "நாய்க்கு என்ன பேர், ஐயா?" என்று விசாரித்தார். சொன்னேன். "பைரவனா! அப்போ நல்ல ஷீட்டிலே செய்ததாய்ப் பார்த்துக் கொடுங்கள்" என்றார். இதை எழுதும் இந்நேரம் பைரவன் என் காலடியில் அதைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு மாதமாயிற்று, புதுப் பஞ்சாங்கம் ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது.